ரேடியோவுக்கு இரண்டு மாத்திரை

பட்டறைக் கதவு திறப்பதற்கு முன்னால் வாயைத் திறந்து காட்ட வேண்டும் என்பது புது விதி. வாசலில் மேஸ்திரி ஸ்டூல் போட்டு, மாத்திரை டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். வரிசையில் வருகிறவர்கள் ஒரு மாத்திரையை நாக்கில் வைத்து, தண்ணீர் குடித்து, வாயை ஆவென்று காட்டிவிட்டுத்தான் உள்ளே போகலாம்.

"நாக்கைத் தூக்கு. சரி, போ. அடுத்து யாரு?"

"சந்தையில மாட்டுக்குப் பல்லு பாக்குற மாதிரி பாக்குறீங்களே அண்ணே" என்றாள் மூடிக்காரி.

"நான் என்னம்மா செய்ய? முழுங்காம துப்பிடுறீங்கன்னு ஆபீஸ்ல என்னைத் திட்டுறாங்க."

அவளுக்குப் பின்னால் நின்ற அவள் புருஷனுக்கு மேஸ்திரி இரண்டு மாத்திரை எடுத்துக் கொடுத்தார். கை நடுங்குகிறவர்களுக்கு இரண்டு. வாங்கும்போதே ஒன்று விரலிடுக்கில் நழுவி மண்ணில் விழுந்தது. மேஸ்திரி குனிந்து எடுத்து, சட்டையில் துடைத்து, தானே அவன் நாக்கில் வைத்துவிட்டார்.

எரிந்துபோன ட்யூப்லைட்டுகளை உடைத்துப் பிரிக்கிற பட்டறை அது. குழாயின் இரு முனையிலும் உள்ள அலுமினிய மூடிகளைத் திருகிக் கழற்றுவது அவள் வேலை; அதனால்தான் அந்தப் பெயர். கழற்றிய குழாய்களை ட்ரம்முக்குள் செருகி நொறுக்குவது அவன் வேலை. நொறுங்கும்போது வெள்ளைத் தூள் கிளம்பும். தூளாவது கண்ணுக்குத் தெரியும். அதோடு சேர்ந்து வரும் பாதரச ஆவிக்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. எக்ஸாஸ்ட் ஃபேன் வேண்டுமென்று எல்லோருமாகப் போய்க் கேட்டார்கள். வந்தது மாத்திரை. செலினியமாம், பாதரசத்திடமிருந்து நரம்பைக் காப்பாற்றுமாம்.

அவள் புருஷனுக்குப் பட்டறையில் ரேடியோ என்று பெயர். ட்ரம் போடும் சத்தத்தையும் மீறிப் பேசுவான். முதலாளி நடக்கிற நடை, மேஸ்திரியின் மாமியார், நாட்டு நடப்பு எல்லாம் அவன் வாயில் அரைபடும். "கொஞ்ச நேரம் நிறுத்துங்களேன், காது வலிக்குது" என்று அவளே எத்தனையோ முறை கெஞ்சியிருக்கிறாள். இப்போது தானாகவே நின்றுவிட்டது. முதலில் கை நடுங்கியது. பிறகு சாப்பாட்டில் உப்பு போதவில்லை என்று தட்டை விசிறியடித்தான். அதற்கும் பிறகு, ஆட்களைக் கண்டாலே ஒளிய ஆரம்பித்தான்.

போன ஞாயிற்றுக்கிழமை அவனுடைய அக்கா வந்தாள். வாசலில் அவள் செருப்பைக் கழற்றுவதற்குள் அவன் குளியலறைக்குள் ஓடித் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டான்.

"உங்க அக்காதாங்க வந்திருக்காங்க. போலீஸ் இல்ல. வெளிய வாங்க" என்று மூடிக்காரி கதவைத் தட்டினாள்.

"நான் வீட்ல இல்லன்னு சொல்லிடு."

"நீங்க ஓடுனத அவங்க பாத்துட்டாங்களே!"

"குளிக்கிறேன்னு சொல்லு."

"ரெண்டு நாளா தண்ணியே வரல. எதுல குளிக்கிறீங்க?"

அக்கா வந்து கதவோரம் நின்று, "நான் என்னடா தப்பு பண்ணேன்?" என்று கேட்டாள். கொண்டுவந்த பழங்களை மேஜைமேல் வைத்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு போய்விட்டாள்.

அவன் வெளியே வந்தபோது சட்டை நனைந்திருந்தது, வியர்வையில். "ஏன்னு எனக்கே தெரியல. அக்கா முகத்தைப் பாக்க வெக்கமா இருக்கு" என்றான். அவளுக்கு அவனை அறையலாம் போலவும் இருந்தது, அணைத்துக்கொள்ளலாம் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யாமல் வேறு சட்டை எடுத்து வந்து பொத்தான் போட்டுவிட்டாள். பொத்தான் போட அவனுக்குக் கை வராமல் போய் ரொம்ப நாளாயிற்று. அப்போதுதான் அவன் மூச்சில் பூண்டு வாடை அடித்தது. வீட்டில் பூண்டே கிடையாது.

மறுநாள் வேலைக்கு மட்டம் போட்டுவிட்டு அவனை ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள். டாக்டரம்மா அவன் விரல்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நகங்கள் ஓரத்தில் பெயர்ந்திருந்தன.

"முடி கொட்டுதா?"

"தலையணை பூரா முடிதான், டாக்டர். ட்யூப்லைட் உடைக்கிற வேலை. அதுக்குத் தினம் ரெண்டு செலினியம் மாத்திரை குடுக்குறாங்க."

"நடுக்கமும் இந்தக் கூச்சமும் பாதரசத்தால. நகமும் முடியும் பூண்டு வாடையும் செலினியம் அதிகமாகி வந்தது. ரெண்டு மாத்திரை யாரு குடுக்கச் சொன்னா?"

"கம்பெனிதான். அப்ப மாத்திரை பொய்யா?"

"பொய்யில்லம்மா. அளவோட இருந்தா நரம்பைக் காப்பாத்துமான்னு ஆராய்ச்சி பண்றாங்க. ஆனா ஒழுகுற கூரைக்குக் கீழ உக்காந்துகிட்டு தலையைத் துவட்டிக்கிட்டே இருந்தா எப்பக் காயும்? முதல்ல இவரை அந்தக் காத்துலேருந்து வெளிய எடுங்க."

"வேலையை விட்டுட்டா சோத்துக்கு?"

டாக்டரம்மா பேனாவை மூடித் திறந்தார். வேறு பிரிவுக்கு மாற்றச் சொல்லி ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார்.

சீட்டோடு அவள் பாதுகாப்பு அதிகாரியிடம் போனாள். சின்ன வயதுக்காரர், மரியாதை தெரிந்தவர். உட்காரச் சொல்லி, கம்ப்யூட்டரை அவள் பக்கம் திருப்பினார். திரையில் இரண்டு படங்கள். ஒன்றில் பட்டுப்போன வேர்கள் மாதிரி ஏதோ சுருண்டு கிடந்தது. மற்றதில் அதே வேர்கள் கிளை கிளையாக விரிந்திருந்தன.

"இது பாதரசம் பட்ட நரம்பு செல். இது பாதரசத்தோட செலினியமும் சேத்துக் குடுத்தது. எவ்வளவு வித்தியாசம் பாருங்க!"

"அழகாத்தான் இருக்கு. யாரோட நரம்பு சார்?"

"எலியோடது. கண்ணாடித் தட்டுல வளத்தது."

"அந்த எலி மறுநாளும் ட்யூப்லைட் உடைக்கப் போச்சா?"

அதிகாரி சிரிக்கப் பார்த்து, பாதியில் விட்டுவிட்டார். "நான் ஃபேனுக்கு எழுதாம இல்லம்மா. மாத்திரைக்கு உடனே கையெழுத்துப் போட்டாங்க. ஃபேன்னா சுவரை உடைக்கணும், தனிப் பட்ஜெட்ங்கிறாங்க."

"இவரையாவது பேக்கிங்குக்கு மாத்துங்க."

"பேக்கிங்ல கம்பெனி விக்கிற புது பல்புகளைக் கையாளணும். இவர் கை நடுங்குது, கீழ போட்டு உடைச்சுடுவார்." அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "ட்ரம்முல உடைக்கிற வேலைதானே, நடுங்கினாலும் பரவாயில்லன்னு மேல சொல்றாங்க."

அவளுக்குச் சொல்ல வாயில் நிறைய வந்தது. "மாத்திரையை ஒண்ணாவாவது குறைங்க சார்" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்தாள். அதற்கு அவர் உடனே ஒத்துக்கொண்டார்.

அடுத்த வாரம் கொத்தனார் ஒருவர் உளியோடு வந்து பட்டறையின் பின்சுவரை உடைக்க ஆரம்பித்தார். எல்லோரும் வேலையைப் போட்டுவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். மூடிக்காரி புருஷனின் தோளைத் தட்டி, "சுவரை உடைக்கிறாங்க, பாத்தீங்களா?" என்றாள். அவன்கூட லேசாகச் சிரித்தான்.

"எத்தனை ஃபேன் அண்ணே?" என்று கொத்தனாரிடம் கேட்டாள்.

"ஃபேனா? ஏசிம்மா. பின்னாடி மாத்திரை ரூமுக்கு. வெயில்ல மாத்திரை கெட்டுப்போகுதாம்."

"அப்ப இந்த ஓட்டை?"

"வெளிப்பெட்டியை இந்தப் பக்கம்தான் மாட்டணும். அந்தப் பக்கம் முதலாளி கார் நிக்குது."

அவரவர் மேஜைக்குத் திரும்பினார்கள்.

சாயங்காலம் ஏசியைப் போட்டுப் பார்த்தார்கள். வெளிப்பெட்டி உறுமிக்கொண்டு சுற்ற ஆரம்பித்ததும், சூடான காற்று நேராக ட்ரம்மின் மேல் அடித்தது. தரையில் படிந்திருந்த வெள்ளைத் தூளெல்லாம் எழும்பிப் பட்டறையை நிறைத்தது. ரேடியோ ஒரு குழாயை இரண்டு கையாலும் பிடித்தபடி, தூள் அடங்கட்டும் என்று நின்றான். அது அடங்கவில்லை. மாத்திரை ரூமுக்குள்ளிருந்து மேஸ்திரி எட்டிப் பார்த்தார். குளிர் வெளியே போய்விடாமல் இருக்க, கதவை இழுத்துச் சாத்திக்கொண்டார்.