கடற்சாமந்திக்கு ஒரு துணை

மலாய் நாட்டு பஸ்ஸில் நாள் முழுக்கக் கத்துகிறவன் நான். செமாபோக்கிலிருந்து காஜா பேராங் வரை, "உள்ள போ, உள்ள போ, பின்னால எடம் கெடக்கு, வாசல்ல நின்னு யாருக்குத் தோரணம் கட்டுற?" என்று கத்திக்கொண்டே டிக்கெட் கிழிப்பேன். "கணேசண்ணே, காலையிலயே சூடா?" என்று சீண்டுவார்கள். சாயங்காலம் அறைக்குத் திரும்பினால் ஒரு சொல் பேச ஆள் கிடையாது. கணேசமூர்த்திக்குத் தனியாக இருப்பதுதான் பிடிக்கும் என்று நானே ஊர்பூராவும் சொல்லி வைத்திருந்தேன். சுத்தப் பொய்.

எனக்கென்று இருந்தது ஒரு கடற்சாமந்தி. தஞ்சோங் கிளிங் கடற்கரைப் பாறையில் ஒட்டிக்கொண்டிருந்தது. பார்க்கப் பூ மாதிரி இருக்கும், ஆனால் உயிருள்ள ஜந்து. கல்லோடு பெயர்த்து வந்து, சீமைக்கு மூட்டை கட்டிய ஒரு வெள்ளைக்காரன் ஏலத்தில் விட்ட கண்ணாடித் தொட்டியில் வைத்தேன். தினமும் தகர டின்னில் கடல் தண்ணீர் கொண்டுவந்து மாற்றுவேன். "என்னய்யா, பொண்டாட்டிக்குத் தண்ணி தூக்குறியா?" என்பார் டிரைவர் நல்லையா. இறால் துண்டோடு விரலை நீட்டினால், அதன் இதழ்களெல்லாம் மெல்லச் சுருண்டு விரலைப் பிடித்துக்கொள்ளும். இறாலுக்காகத்தான், அது தெரியாமலில்லை. ஆனாலும் அந்த ஊரில் என் கையைப் பிடித்த உயிர் அது ஒன்றுதான்.

வீட்டுக்காரர் சின்னப்பா, தலைமுறை தலைமுறையாக இங்கேயே வேரூன்றிப்போன கம்போங் செட்டி மனிதர். கோவிலில் என்னைவிடப் பக்தியாக விழுந்து கும்பிடுவார்; வாயைத் திறந்தால் மலாய்தான், தமிழ் அவ்வளவாக வராது. விடுமுறை நாளில் புலாவ் பெசார் தீவுப் பக்கம் மூங்கில் கூண்டு இறக்கி மீன் பிடிப்பார். ஒரு நாள் தொட்டியை எட்டிப் பார்த்து, "காசியான்" என்றார். பாவமாம். தனியாக இருக்கிறதாம். அதைச் சொன்னாரா, என்னைச் சொன்னாரா, நான் கேட்கவில்லை.

மறுவாரம் வாளியில் ஒரு மீனோடு வந்தார். வெள்ளை உடம்பில் செம்பு நிறப் பட்டைகள், ஊசி போல நீண்ட மூக்கு. அடேயப்பா, என்ன அழகு! கடித்து வைக்காதா என்று கேட்டேன்.

"சே! டியா கவான்," என்றார். சிநேகிதனாம். கடலடிப் பாறையில் எப்போது பார்த்தாலும் இந்த மீன் கடற்சாமந்தியை விட்டு நகராதாம். சின்ன வயதிலிருந்து கண்ணால் பார்க்கிறாராம். எப்போதும் பக்கத்திலேயே நிற்கிறவன் சிநேகிதன் இல்லாமல் வேறென்ன? எனக்கும் சரியென்றுதான் பட்டது.

மீன் அதன் பக்கத்திலேயே நின்றது. காலையில் பார்த்தாலும் அங்கே, சாயங்காலம் பார்த்தாலும் அங்கே. எனக்குச் சந்தோஷம், கொஞ்சம் பொறாமையும்தான். கடற்சாமந்தி நாளாக நாளாகச் சுருங்கிக்கொண்டே வந்தது. புதுத் துணையைக் கண்டு வெட்கப்படுகிறது என்று நினைத்தேன். மடப்பயல்!

சுதந்திர நாளன்று பாடாங் மைதானத்தில் ஊரே திரண்டது. பஸ்ஸில் கொடி, படிவரைக்கும் ஜனம், எங்கே பார்த்தாலும் "மெர்டேக்கா! மெர்டேக்கா!" நானும் தொண்டை கிழியக் கத்தினேன். முன்பின் தெரியாத சீனக் கிழவர் ஒருவர் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். இதை யாரிடமாவது சொல்ல வேண்டுமே என்று அறைக்கு ஓடிவந்தேன். தொட்டிக்குள் விரலை நீட்டினேன். பிடிக்க ஒன்றுமில்லை. இதழ் ஒன்றுகூட மிச்சமில்லை; கல்லில் ஒட்டியிருந்த அடிக்கட்டையை மீன் கொத்திக்கொண்டிருந்தது.

சின்னப்பா வந்து பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார். சிநேகிதன் என்றுதானே நினைத்தேன் என்று மலாயில் முனகினார்.

"தின்னத்தான்யா பக்கத்துல நின்னுருக்கு!" என்று கத்தினேன், தமிழில். அவருக்குப் புரிந்திருக்கும்.

மீனைப் பிடித்துச் சாக்கடையில் வீசத்தான் கையை உள்ளே விட்டேன். அது ஓடவில்லை. நேராக வந்து என் விரல்களை ஒவ்வொன்றாக மெல்லக் கொத்தியது. பசி. எனக்கு அழுகை வந்துவிட்டது. கையை எடுக்க மனம் வரவில்லை.

அதற்கு இறால் ஆகவில்லை, புழுவும் ஆகவில்லை. வயிறு ஒட்டிப்போனது. அதற்கு வேண்டியது இன்னொரு கடற்சாமந்தி. ஞாயிற்றுக்கிழமை உளியோடு தஞ்சோங் கிளிங் போனேன். என் சாமந்தியைத் தின்றதற்கே இன்னொன்றைத் தீனி போடப் போகிறாயே, வெட்கமாயில்லையா என்று வழியெல்லாம் என்னையே திட்டிக்கொண்டேன். ஆனால் இந்த மீனும் செத்துவிட்டால் அறையில் வேறு யார் இருக்கிறார்கள்?

தண்ணீர் வற்றிய பாறைக் குழியில் ஒன்று விரிந்திருந்தது. உளி வைக்க இடம் பார்த்துத் தடவினேன். இதழ்கள் சுருண்டு என் விரலைப் பிடித்துக்கொண்டன. கையில் இறால்கூட இல்லை.

தண்ணீர் ஏறி முழங்கால் நனைந்த பிறகுதான் எழுந்தேன். உளியை நனைக்காமலே திரும்பினேன். மறுநாளே மீனைச் சின்னப்பாவிடம் கொடுத்து, பிடித்த இடத்திலேயே கொண்டுபோய் விடச் சொன்னேன்.

இப்போதும் டின்னில் கடல் தண்ணீர் கொண்டுவருகிறேன். "இன்னும் யாருக்குய்யா தூக்குற?" என்று நேற்று நல்லையா கேட்டார்.

"உள்ள போ, உள்ள போ!" என்று கத்தினேன். பஸ்ஸில் அப்போது ஆளே இல்லை.