மேசைக்கு வராத துப்பாக்கி

ராணுவ லாரிகள் மூன்றும் எஞ்சினை அணைக்காமலே நின்றன. ஒதிலியா முதலில் கவனித்தது அதைத்தான். சமாதானம் பேச வந்தவன் வண்டியை அணைத்துவிட்டல்லவா இறங்குவான்?

மாதா கோவில் வாசலில் கொடி விரித்த ஒரு மேசை. பக்கத்தில் முக்காலிமேல் புகைப்படப் பெட்டி. கசனாரே சமவெளியில் நாலு வருஷமாக ராணுவத்தோடு மல்லுக்கட்டிய குதிரைக்காரர்கள் ஒவ்வொருவராகப் போய்த் துப்பாக்கியை மேசைமேல் வைத்துக்கொண்டிருந்தார்கள். தலைநகர் போகோட்டாவில் ஆட்சி மாறி, ஆயுதத்தை ஒப்படைத்தால் மன்னிப்பு என்று விமானத்திலிருந்து காகிதம் கொட்டினார்கள். அதுவரை குண்டு கொட்டிய விமானங்கள்தான் அவை. போன வருஷம் இப்படியொரு வாக்கை நம்பி முகாமுக்குப் போன அவள் அண்ணன் எவேலியோ திரும்பவில்லை. அவன் குதிரை மட்டும் வந்தது.

"எதுக்கு ஒவ்வொருத்தனையும் தனித்தனியா படம் புடிக்கிறான்?" என்றாள்.

"பேப்பர்ல போடுவாங்களாம்" என்றான் அவள் கணவன் தோரிபியோ. இந்தக் கூட்டத்துக்குத் தலைவன் அவன்தான்.

"அதுக்குத் துப்பாக்கிய மட்டும் படம் எடுத்தாப் போதாதா? தொப்பியக் கழட்டச் சொல்றான் பாரு. மூஞ்சி தெரியணுமாம்."

"உனக்கு எதுலதான் சந்தேகம் இல்ல? புள்ளைங்க உப்பில்லாத கறியத் தின்னுட்டுக் காட்டுல கெடக்குது. சாகறதுக்கு எனக்குப் பயமில்ல ஒதிலியா. இன்னும் ஓடத்தான் தெம்பில்ல."

 ஒதிலியா, அண்ணன் விட்டுப்போன துப்பாக்கியைத் தோளிலிருந்து இறக்கிக்கொண்டு கணவன் பின்னால் வரிசையில் நின்றாள்.

தோரிபியோ துப்பாக்கியை வைத்தான். தொப்பியைக் கழற்றினான். பளிச்சென்று வெளிச்சம் அடித்தது. அடுத்து அவள் நகர்ந்தபோது கேப்டன் கை நீட்டித் தடுத்தார்.

"ஏம்மா, நீ எங்க வர்ற?"

"ஆயுதம் வைக்க."

சிப்பாய்கள் சிரித்தார்கள். கேப்டன் புகைப்படக்காரனை ஒருமுறை பார்த்துக்கொண்டார். "பொம்பளைகூடவா இத்தனை வருஷம் சண்டை போட்டீங்கன்னு ஊரே சிரிக்கும். போ, அதை வச்சு அடுப்புக்கு வெறகு ஒடச்சுக்க."

"மச்சான், கேப்டனுக்கே வேர்க்க வச்சுட்டாடா உன் பொண்டாட்டி!" வரிசையின் கடைசியிலிருந்து ஒருவன் கத்தினான்.

தோரிபியோ சிரிக்கவில்லை. ஒரு துப்பாக்கிகூட மிஞ்சாது என்று வாக்குக் கொடுத்தவன் அவன். 'இல்ல, வாங்கிக்கங்க' என்று சொல்லிவிடுவானோ என்று ஒதிலியா அவன் வாயையே பார்த்தாள். அவன் பார்வையோ புகைப்படப் பெட்டிக்குப் பின்னால் போயிருந்தது. அங்கே ஒரு சார்ஜென்ட் அவனைக் கண்ணால் காட்டி, பக்கத்துச் சிப்பாயின் காதில் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தான்.

"குதிரையில ஏறு" என்றான் தோரிபியோ மெல்ல.

கிளம்புமுன், துப்பாக்கி வைத்தவர்களுக்கு ஆளுக்கொரு உப்பு மூட்டையும் வெள்ளைச் சட்டையும் கொடுத்தார்கள். அங்கேயே போட்டுக்கொள்ளச் சொன்னார்கள்.

ஊரைத் தாண்டியதும் ஆளுயரப் புல். ஒதிலியா திரும்பிப் பார்த்தாள். பச்சைக்கு நடுவே தோரிபியோவின் அந்த வெள்ளைச் சட்டை எவ்வளவு தூரத்திலிருந்தும் தெரியும். கழற்றச் சொல்ல வாயெடுத்தாள். அவனோ ஒரு கையில் கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் சட்டையின் மடிப்பை நீவி நீவிப் பார்த்துக்கொண்டு வந்தான். நாலு வருஷத்தில் அவன் உடம்பில் பட்ட முதல் புதுத்துணி.

அவள் குதிரையை ஒதுக்கி அவனை முன்னால் போகவிட்டாள். பிறகு துப்பாக்கியைச் சேணத்தின் குறுக்கே வைத்து, இருபுறமும் அசையும் புல்லைப் பார்த்தபடி பின்தொடர்ந்தாள்.