மூன்றே நாள்

"நீ உள்ள போடி. வந்தவர்கிட்ட நான் பேசிக்கிறேன்."

கணவன் வாசலை மறித்து நின்றான். சேற்று வாளியோடு வந்த மனைவி சமையலறைக்கே திரும்பினாள். வெள்ளம் வடிந்து இரண்டாம் நாள். மாடிப்படியில் காலை நீட்டியிருந்த மாமியார், "ஆம்பள நிக்கிற இடத்துல பொம்பளைக்கு என்ன வேல?" என்று முணுமுணுத்தாள்.

வந்தவர் நகராட்சிக் கணக்கெடுப்பாளர். எந்தத் தெருவுக்கு முதலில் வடிகால் வெட்டுவது என்று முடிவு செய்ய, வீடு வீடாகக் கேட்டு மதிப்பெண் போடுகிறார். வழக்கம்போல வீட்டுத் தலைவரைத்தான் கேட்டார்.

"வெள்ளத்துக்கு அப்புறம் வீடு பழையபடி ஆக எத்தன நாள் ஆகுது சார்?"

"மூணே நாள்! நாங்கல்லாம் அசர்ற ஆளுங்களா?"

"அடேயப்பா! மீள்திறன் நல்லா இருக்கே." அவர் எழுதிக்கொண்டார். "ஆனா ஒண்ணு சார். சமாளிக்கிற தெருவுக்கு வடிகால் கடைசியாத்தான் வரும்."

"வரட்டும் சார். எவ்வளவோ பாத்தாச்சு."

உள்ளே அவள் காதில் அது விழுந்தது. நான்கு வருடம், நான்கு வெள்ளம். ஒவ்வொரு முறையும் மெத்தை, அரிசி மூட்டை, அடுப்பு எல்லாம் அவள் தலையில்தான் மாடி ஏறின. சேறு முழுக்க அவள் கையால்தான் வெளியேறியது. அவனோ தண்ணீர் வடிந்ததும் பட்டறைக்குக் கிளம்பிவிடுவான். போன முறை அவளுக்கு முதுகெலும்பில் ஜவ்வு விலகியது. இனிமேல் கனம் தூக்கினால் நடக்கவே முடியாமல் போகும் என்று டாக்டர் சொன்னதை வீட்டில் யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

வாளியைக் கீழே வைத்தாள். கணவனைத் தாண்டி வாசலுக்கு வந்தாள்.

"வீடு பழையபடி ஆகுது சார். என் முதுகு ஆகல. அத எங்க எழுதுவீங்க?"

கணக்கெடுப்பாளர் தாளைப் புரட்டிப் பார்த்தார். "அதுக்குக் கட்டம் இல்லையேம்மா."

"ஏய், மானத்த வாங்காத!" கணவன் பல்லைக் கடித்தான்.

"நீ கட்டிக்கிட்டு வந்தவளாடா இவ, இந்தப் பேச்சு பேசுறா!" மாமியார் படியிலிருந்து கத்தினாள்.

அவள் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வாசற்படியில் மெல்ல உட்கார்ந்தாள். முதுகு சுரீரென்றது. பல்லைக் கடித்து நிமிர்ந்தாள்.

"அந்த மூணு நாள அடிச்சிடுங்க சார்."

"அப்ப எத்தனைன்னு எழுதட்டும்?"

"அவரையே கேளுங்க. இனிமே அள்ளப் போறவர் அவர்தான்."

கணக்கெடுப்பாளர் மூன்றை அடித்துவிட்டுப் பேனாவோடு காத்திருந்தார். கணவன் உள்ளே எட்டி, முழங்காலளவு சேற்றைப் பார்த்தான்.

நாட்களை விரல் மடக்கி எண்ணத் தொடங்கினான். ஒரு கை போதவில்லை.