கராஜுக்குள் தியான்ஜின்

1983 ஆகஸ்டில் அமெரிக்காவின் சுகர் லேண்டில் தவமலர் வீட்டுக் குழாயில் மட்டும் தியான்ஜின் நகரத்துத் தண்ணீர் வந்தது. வடசீனத்தின் பெரிய துறைமுகம் அது. உப்பு ஊறிய அந்தத் தண்ணீரில் போட்ட தேநீரை அந்த ஊரார் வருஷக்கணக்காக முகம் சுளிக்காமல் குடித்து வந்தார்கள். எதிர்வீட்டு ஷ்யாமளா சென்னைக்காரி, அப்படியெல்லாம் குடிக்கிற ஆளில்லை. "என்னங்க தவமலர், காபி இப்படிக் கரிக்குது? ப்ளம்பரை கால் பண்ணுங்க!" என்றாள். ப்ளம்பர் வந்து ருசி பார்த்தார், நல்ல உப்பு என்று சொல்லிவிட்டுப் போனார். செப்டம்பரில் சீனர்கள் தொலைவிலிருந்த ஒரு நதியைத் திருப்பித் தியான்ஜினுக்குக் கொண்டுவந்தார்கள். அன்றே இங்கேயும் குழாய் தித்தித்தது.

காரணம் தெருவுக்கே தெரியும். தவமலரின் கணவர் வரதராஜா அங்கேதான் இருந்தார். எண்ணெய்க் கம்பெனி இன்ஜினியர். அந்த ஊரை ஒட்டிய போஹாய் கடலில் எண்ணெய்க்குத் துளை போட ஜூன் மாதம் அனுப்பினார்கள். தவமலரின் நர்ஸ் வேலையின் பேரில் குடும்பத்தின் க்ரீன் கார்ட் விண்ணப்பம் நிலுவையில் இருந்தது. முன் அனுமதி வாங்காமல் நாட்டை விட்டுப் போனால் தன் விண்ணப்பம் செத்துப்போகும் என்பது அந்தப் படித்த மனுஷனுக்குத் தெரியவில்லை. நாலு வாரம்தானே என்று பெட்டியைக் கட்டிவிட்டார், பாவி மனுஷன்! அமெரிக்காவுக்குள் திரும்ப விடவில்லை. ஜூலைக் கலவரத்தில் கொழும்பில் அவர் பெற்றோரின் வீடும் எரிந்தது. போக்கிடம் இல்லாமல் தியான்ஜினிலேயே தங்கிவிட்டார்.

அந்தக் குளிர்காலத்தில் ஒருநாள் தவமலர் கராஜ் கதவைத் திறந்தபோது டொயோட்டாவுக்குப் பின்னால் நகரமே வந்து நின்றது. ஹாய் ஆறு, இரும்புப் பாலம், கரையில் பழைய ஐரோப்பியக் கட்டடங்கள், 76 நிலநடுக்கத்தில் வீடிழந்தவர்கள் தெருவோரம் போட்ட கொட்டகைகள், கணக்கில்லாத சைக்கிள்கள், கோடியில் துறைமுகம். கடல் உறைந்து கப்பல்கள் அசையாமல் கிடந்தன. இங்கே சாயங்காலம், அங்கே காலை. தவமலர் காரை வெளியே நிறுத்தத் தொடங்கினாள்.

வாராவாரம் வரதராஜா சைக்கிளில் வருவார். கராஜ் தரையில் ஒரு பழைய எண்ணெய்க் கறை உண்டு. அதற்கு அந்தப்பக்கமே நின்றுவிடுவார். மகள் மாதுமை, "டாடி, ஜஸ்ட் வாக் இன்!" என்று கத்துவாள். ஆளில்லாத ரோட்டிலும் சிவப்பு விளக்குக்கு நிற்கிற மனுஷர் அவர்.

"பேப்பர் இல்லாமல் வந்தனெண்டால் உங்கட கேஸும் பழுதாப்போகும்" என்பார். "நீரும் இஞ்சால கால் வையாதையும். நாட்டை விட்டு வெளிய போனதா எழுதிப்போடுவாங்கள்."

"இந்தக் கராஜுக்குள்ள ஆர் வந்து பாக்கப்போறாங்கள்?"

"பாப்பாங்கள்."

கையைக்கூட நீட்ட மாட்டார். தவமலர் சோற்றுத் தட்டைத் தரையில் வைத்து மாப் கம்பால் தள்ளிவிடுவாள். அப்படியே இரண்டு வருஷம் போயிற்று.

1986இல் எண்ணெய் விலை விழுந்தது, கம்பெனி தியான்ஜின் அலுவலகத்தை மூடியது. சீனாவில் தங்கும் அனுமதியும் முடிந்தது. வரதராஜா பெட்டியோடு வந்து நின்றார். கொழும்புக் கப்பல் காத்திருந்தது. தவமலருக்கும் மகளுக்கும் அடுத்த மாதம் க்ரீன் கார்ட் இன்டர்வியூ.

"கும்பிட்டுக் கேக்கிறன், வாங்கோ. ஒரு அடிதானே!" தவமலர் வாய்விட்டு அழுதாள்.

அவர் மகளைப் பார்த்தார். "பிள்ளையின்ட வாழ்க்கையெல்லோ?" என்றார். சைக்கிளைச் சுவரில் சாத்திவிட்டுத் துறைமுகத்தை நோக்கி நடந்தார். அதன்பின் கடிதமில்லை, போன் இல்லை. கப்பல் கொழும்பு போய்ச் சேர்ந்தது, அவர் அதில் இல்லை.

இருவருக்கும் க்ரீன் கார்ட் வந்த அன்று தவமலர் முதல்முறையாகக் கறையைத் தாண்டினாள். பாலம், சந்தை, கப்பல்துறை எல்லாம் தேடினாள். பிறகு மகளுக்குச் சமைக்க வேண்டுமே என்று திரும்பி வந்தாள். இப்போதும் சனிக்கிழமைகளில் டியூட்டி முடிந்ததும் அவருடைய சைக்கிளை எடுத்துக்கொண்டு போகிறாள். ஷ்யாமளா பேரிக்காய் வாங்கி வரச் சொல்லிக் கூடை கொடுத்தனுப்புகிறாள். தியான்ஜின் பேரிக்காய் நல்ல இனிப்பு. தவமலர் மறக்காமல் க்ரீன் கார்டைக் கைப்பையில் வைத்துக்கொள்வாள். போகும்போதும் சரி, வரும்போதும் சரி, அந்தக் கறையருகே இன்றுவரை யாரும் அதைக் கேட்டதில்லை.