சித்தப்பா தூக்கின கை

சித்தப்பா வெளிநாட்டில இருக்கிற எங்கட பாபடோயிட்டோய் வீட்டுக்கு வந்தது நெஞ்சு வருத்தத்துக்கு வைத்தியம் பாக்கவாம். வருத்தமுமில்லை, மண்ணாங்கட்டியுமில்லை! ஆள் பாராளுமன்ற உறுப்பினர். கொழும்பில மாதாமாதம் அவசரகாலச் சட்டத்தை நீட்ட வோட்டெடுப்பினம். இந்த முறை தமிழ் எம்.பி.மாரும் ஆதரிச்சுக் கைதூக்க வேணுமெண்டு ஜனாதிபதி ஒவ்வொருத்தராக் கூப்பிட்டுக் கேக்க, இந்த மனுசன் பிளேன் ஏறீட்டார்.

அதே சட்டத்திலதான் என்ர தம்பி லக்ஷனைப் பிடிச்சு வைச்சிருக்கிறாங்கள். கேஸுமில்லை, கோட்டுமில்லை. கொம்பியூட்டர் படிக்கவெண்டு கொழும்புக்குப் போன பெடியன், வருசம் ஒண்டா மறியல்ல, கம்பிக்குப் பின்னால கிடக்கிறான். நான் இஞ்ச மாதாவுக்கு மெழுகுதிரி கொளுத்திக் கொளுத்திக் கைதான் சுட்டது.

ஜனாதிபதியின்ர செயலாளர் எங்கட நம்பரையும் தேடிப் பிடிச்சிட்டார். கதைச்சு முடிச்சு றிசீவரை வைச்ச சித்தப்பாவுக்கு முகம் செத்துப்போச்சு.

"நான் கைதூக்கினா லக்ஷன்ர விசயத்தைக் கவனிப்பினமாம், இவோன்," எண்டார் என்னைப் பாத்து.

"பிறகென்ன? போங்கோவன்!"

"விசர்க்கதை கதையாதை பிள்ளை. அந்தச் சட்டத்தால எத்தினை தாய்மார் என்ர வாசல்ல வந்து அழுதவை? அவையின்ர முகத்தில நான் எப்பிடி முழிக்கிறது?"

"அவை காறித் துப்பினா துடைச்சுப்போட்டு இருங்கோ. எனக்கு என்ர தம்பி வேணும்!" எண்டு கத்தினன்.

அவர் ஹீற்றருக்குக் கிட்டப் போய் இருந்து, கடைசியில "சரி, போறன்" எண்டார். அடுத்த நாள் டிக்கெற்றை மாத்தி, நானே எயார்போட்டில கொண்டுபோய் விட்டன்.

வோட்டெடுப்பு முடிஞ்ச கையோட போன் வந்தது.

"தூக்கீட்டன் பிள்ளை. சட்டம் நிறைவேறீட்டுது. என்ர வோட்டு இல்லாட்டிலும் நிறைவேறியிருக்கும். தமிழரும் ஆதரிச்சவை எண்டு காட்ட அவைக்கு ஆள் வேணும், அவ்வளவுதான்."

"தம்பி?"

"சட்டம் இன்னொரு மாதம் நீண்டிட்டுதெல்லே. அதோட அவன்ர மறியலும் நீண்டிட்டுது." அந்தாள் விம்மினது எனக்குக் கேட்டுது. "அடுத்த வோட்டு முடியட்டும், பாப்பமெண்டு சொல்லீனம். இனி என்ன செய்ய, நீயே சொல்லு. அடுத்த மாதம் எதிர்த்துப் போடட்டே?"

ஆரைத் திட்டிறது? எதிர்த்தா உள்ளுக்க கிடக்கிற பெடியனை என்ன செய்வாங்களோ, ஆர் கண்டது?

"வேண்டாம் சித்தப்பா," எண்டன். "அடுத்த மாதமும் தூக்குங்கோ."