தொட்டிலில் கட்டிய பை

பாத்மா அக்காவின் மரத்தொட்டில் எங்கள் வீட்டுக்கு வந்தபோது தொக்தோசுனுக்குப் பதினெட்டு நாள். எட்டாம் மாதத்திலேயே பிறந்துவிட்ட என் அண்ணன் மகன். அவனுக்கு முன்னால் பிறந்த பெண் பதினோரு நாள்தான் இருந்தாள். அதனால்தான் ‘நிற்கட்டும்’ என்று பொருள் வரும் அந்தப் பெயரை அம்மா வைத்தார். அதனால்தான் புதுத் தொட்டில் வாங்காமல் பக்கத்து வீட்டில் போய் அதைக் கேட்டு வாங்கி வந்தார். பாத்மா அக்காவின் ஒன்பது பிள்ளைகளும் அதில் கிடந்து வளர்ந்தவர்கள். பிறகு தெருவில் இன்னும் எட்டுப் பேர். பதினேழில் ஒன்றுகூடத் தவறவில்லை.

தொட்டிலின் மேல்கட்டையில் ஓர் ஓநாய் நகமும் சில நீல மணிகளும் தொங்கின. அவற்றோடு ஒரு சின்னத் துணிப்பை. அதற்குள், குழந்தை வாயில் வெள்ளை படரும் அக்கரத்துக்கான மருந்து இருந்தது. குழந்தையின் வாய் வெளுத்தால் மாத்திரைக் கூட்டைப் பிரித்து, தூளைத் தண்ணீரில் குழைத்து நாக்கில் தடவ வேண்டும். வெளுப்பு போனதும் மிச்சத்தைப் பைக்குள் வைத்துவிட வேண்டும். தீர்க்கக் கூடாது. தீரப்போகிற மாதிரி இருந்தால் ஓர் அட்டை வாங்கிச் சேர்த்த பிறகுதான் தொட்டிலை அடுத்த வீட்டுக்குக் கொடுப்பார்கள். வெறும் பையோடு தொட்டிலை அனுப்புவது அந்த வீட்டுக் குழந்தையைச் சபிப்பது போல.

ஒரு மாதம் ஆனதும் தொக்தோசுனின் வாய் வெளுத்தது. பாத்மா அக்கா வந்து பார்த்துச் சிரித்தார். திருட்டுத்தனமாகத் தயிர் தின்றவன் மாதிரி இருக்கிறான் என்றார். அண்ணன் ரஷ்யாவில் கட்டட வேலையில் இருந்தான். அம்மாவுக்குக் கண் சரியில்லை. அண்ணி மெய்ரிமுக்கு எழுந்து நடக்கவே தெம்பில்லை. ஆகவே தூளைக் குழைத்துத் தடவியது நான். மூன்றாம் நாள் நாக்கு சிவந்தது. மிச்சத்தைப் பையில் போட்டு முடிச்சுப் போட்டதும் நான்தான்.

பத்து நாளில் வெளுப்பு திரும்பி வந்தது. தடவினேன், போனது. மறுபடி வந்தது. நான்காம் முறை போகவில்லை. கன்னத்தின் உட்புறம், அண்ணம், தொண்டை வரை வெள்ளையாகப் படர்ந்தது. துடைத்தால் அடியில் இரத்தம். அண்ணியின் மார்க்காம்பும் வெடித்துக் காந்தியது. அவன் பசியோடு பால் குடிக்க வாய் வைப்பான், உடனே விட்டுவிடுவான். அந்த அழுகை வேறு மாதிரி இருக்கும். தொடங்கியதும் பாதியில் அறுந்துபோகும்.

அம்மா இது அல்பர்ஸ்தியின் வேலை என்றார். பிள்ளை பெற்றவளைத் தேடி வருகிற மஞ்சள் முடிப் பேய். அர்ச்சா மரப் புகை போட்டார், தலையணைக்குக் கீழே கத்தி வைத்தார். நான் நம்பவில்லை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு நாள் மத்தியானம் அண்ணி அவனை எடுத்துக்கொண்டு அடுப்பருகே போயிருந்தாள். வெறும் தொட்டில் ஆடிக்கொண்டிருந்தது. வெறும் தொட்டிலை ஆட்டினால் குழந்தைக்கு ஆகாது. யார் ஆட்டுவது என்று பார்த்தேன். மேல்கட்டையில் இருந்தது என் கை.

மறுநாள் அவனைப் போர்த்திக்கொண்டு அண்ணியும் நானும் வேன் ஏறி நாரின் ஆஸ்பத்திரிக்குப் போனோம். அங்கே டாக்டரம்மா அவனை எடை போட்டார். பிறந்தபோது இருந்ததைவிட இருநூறு கிராம்தான் கூடியிருந்தான். வாயில் பஞ்சுக்குச்சியால் ஒற்றி எடுத்தார். எங்களை அங்கேயே தங்க வைத்து, ஐந்தாம் நாள் என்னை மட்டும் கூப்பிட்டு ஒரு வட்டத் தட்டைக் காட்டினார். அவன் வாயில் ஒற்றி எடுத்த பூஞ்சை அதில் வெண்ணெய் தடவியது போல வளர்ந்திருந்தது. நடுவில் நாங்கள் தடவிய அதே மருந்தில் நனைத்த சின்னக் காகித வில்லை. மருந்து வேலை செய்தால் வில்லையைச் சுற்றி ஒரு வட்டம் வெறுமையாக இருக்குமாம். இதில் விளிம்பு வரைக்கும் வெள்ளை.

எத்தனை நாள் கொடுத்தீர்கள் என்று கேட்டார். பையைப் பற்றிச் சொன்னேன். பதினேழு குழந்தைகளைப் பற்றியும் சொன்னேன்.

“ஒவ்வொரு தடவையும் பாதியில நிறுத்தினா சாகிறது செத்துடும், சாகாதது மிஞ்சும்மா,” என்றார். “மிஞ்சினதைத்தான் வளர்த்திருக்கீங்க.”

அது மரத்தில் இருந்ததா, துணியிலா, மார்பிலா, என் விரலிலா என்று கேட்டேன். தெரியாது என்றார். வேறு மருந்து ஒரு புட்டி கொடுத்தார். சொட்டு சொட்டாக, நாளைக்கு நாலு வேளை, பதினாலு நாள், ஒரு வேளைகூட விடாமல். அண்ணிக்குப் பூச ஒரு களிம்பும். பழைய மருந்தை எரித்துவிடச் சொன்னார். தொட்டில் துணிகளைக் கொதிக்க வைக்க வேண்டும், தொட்டிலிலிருந்து சிறுநீர் வடிகிற மரக்குழாயை மாற்ற வேண்டும். எல்லாவற்றையும் ஒரு காகிதத்தில் எழுதிக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா பார்க்காதபோது பையை அடுப்பில் போட்டேன். குழாயையும் போட்டேன். ஐந்தாம் நாள் அவன் வாய் சிவந்தது. எட்டாம் நாள் பாத்மா அக்கா தொட்டிலைக் கேட்டு வந்து நின்றார். அவருடைய மகள் அய்சுலூவுக்குப் பெண் பிறந்திருந்தது. அம்மா எழுந்துபோய், தொட்டிலோடு அனுப்ப மருந்துப் புட்டியை எடுத்தார். கிட்டத்தட்டப் பாதி இருந்தது.

வகுப்பில் எழுந்து நின்றால் எனக்குக் குரல் வராது. ஒன்பதாவதோடு நான் நின்றுபோனதே அதனால்தான். புட்டியை அம்மா கையிலிருந்து பிடுங்கினேன்.

“இன்னும் ஆறு நாள் இருக்கு,” என்றேன்.

“அட, ஊமைக்கு வாய் வந்துடுச்சே,” என்றார் பாத்மா அக்கா. “என் பேத்திக்கு மருந்து இருக்கக் கூடாதுங்கிறியாடி?”

மிச்சம் வைத்து வைத்துத்தான் இப்படி ஆனது என்று சொல்ல வாயைத் திறந்தேன். புட்டியை முதுகுக்குப் பின்னால் ஒளிக்கத்தான் முடிந்தது. அண்ணிதான் குழந்தையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பேசினாள்.

“ஒண்ண பதினோரு நாள்ல குடுத்துட்டேன்க்கா. இவனக் குடுக்க மாட்டேன்.”

பாத்மா அக்கா மேல்கட்டையைத் தடவிப் பார்த்தார். பை இருந்த இடத்தில் ஒரு நூல் துண்டுதான் இருந்தது. தொட்டிலைத் தூக்கிக்கொண்டு போனார். அது வேண்டாம் அக்கா, புதிதாகச் செய்துகொள்ளுங்கள் என்று ஒரு வார்த்தை நான் சொல்லியிருக்கலாம்.

பதினாலு நாளும் கொடுத்தேன். கடைசிச் சொட்டு வரை தட்டிக் கொடுத்தேன். தொக்தோசுன் இப்போது பசிக்காகத்தான் அழுகிறான். அண்ணிக்குக் காந்தல் போய்விட்டது. வீட்டில் எல்லோரும் தூங்குகிறார்கள்.

ஆனால் தொட்டில் போய் இரண்டு மாதம் கழித்து ஒரு காலையில் சுவருக்கு அந்தப் பக்கம் அழுகை கேட்டது. தொடங்கியதும் பாதியில் அறுந்தது. சற்று நேரம் கழித்து மறுபடியும்.

டாக்டரம்மா எழுதியதை வேறொரு காகிதத்தில் பெரிய எழுத்தில் எழுதிக்கொண்டு அங்கே போனேன். பாத்மா அக்கா சந்தைக்குப் போயிருந்தார். அய்சுலூ மடியில் குழந்தையோடு உட்கார்ந்திருந்தாள். மேல்கட்டையில் சிவப்புத் துணியில் புதுப் பை தொங்கியது.

“மொத தடவ வந்தப்ப மூணே நாள்ல வெளுப்பு போயிடுச்சு,” என்றாள் அவள், நான் எதுவும் கேட்காமலேயே. “மிச்சத்த அப்படியே வச்சிருக்கேன். இப்ப மறுபடி வந்திருக்கு.”

எனக்குக் குரல் வரவில்லை. காகிதத்தை நீட்டினேன். அவள் அதை வாங்கி நெற்றியில் ஒற்றிக்கொண்டாள். பிரித்துப் படிக்கவில்லை. நான்காக மடித்து, பையைத் திறந்து, மாத்திரைகளோடு உள்ளே வைத்து இறுக்கி முடிச்சுப் போட்டாள்.