காலியாக ஓடிய முன்சீட்டு

“வண்டியில முன்சீட்டு காலியாவே கெடக்குது, தேவயானி.”

“இருக்கட்டுமே.”

போன வருடம் தை மாதம், புளி எடை போடும் கொட்டகையில் நடந்த பேச்சு இவ்வளவுதான். வெற்றிச்செல்வன் அதை இன்றுவரை மனசுக்குள் ஓட்டிப் பார்க்கிறான். எனக்காகக் காலியாக இருக்கட்டும் என்கிறாளா? கிடந்தால் கிடக்கட்டும், எனக்கென்ன என்கிறாளா? சொல்லும்போது சிரித்தாள். ஆனால் அவள் தராசைப் பார்த்தும் சிரிக்கிறவள்.

நல்ல அர்த்தத்தையே எடுத்துக்கொண்டான். அன்றிலிருந்து அவனுடைய மினி லாரியின் முன்சீட்டில் யாரையும் ஏற்றுவதில்லை. எப்போதாவது பஸ் வரும் ஜவ்வாது மலையில் இது சின்னக் குற்றமா? கலசப்பாக்கம் சந்தைக்குப் போகிறவர்கள் புளி மூட்டைமேல் உட்கார்ந்து, ஒவ்வொரு வளைவிலும் அவனைத் திட்டிக்கொண்டே இறங்கினார்கள்.

“சீட்டுல இன்னா சாமியா ஏத்தி வெச்சிருக்கே?” என்று கேட்டால், “ஸ்பிரிங் ஒடஞ்சிருக்கு” என்பான்.

இன்று இந்த வருடத்தின் கடைசி லோடு. இனி அடுத்த தைக்குத்தான் அவனுக்கு இந்த ஊரில் வேலை. மூட்டைகளைக் கட்டிவிட்டுத் திரும்பியவன் திடுக்கிட்டான். முட்டிவலிக்காரி திரௌபதி அக்காவைத் தேவயானியே கைபிடித்து முன்சீட்டில் ஏற்றிக்கொண்டிருந்தாள்.

அவன் முகம் வாடிவிட்டது. “அந்த சீட்டு…”

“ஸ்பிரிங் நல்லாத்தான்டா கீது!” அக்கா உட்கார்ந்தபடியே ஒரு குதி குதித்துக் காட்டினாள்.

“நீதானே இருக்கட்டும்னு சொன்னே?” என்றான் தேவயானியிடம்.

“சீட்டு காலியா இருக்குன்னீங்க. இருக்கட்டும்னேன். வேற எதுனா கேட்டீங்களா?”

“கேக்கல.”

“நீங்க ஒழுங்கா கேக்காம, என் பதிலைப் பொரட்டிப் பொரட்டிப் பாத்தா அதுல இன்னா இருக்கும்?” அவளால் சிரிப்பை அடக்க முடியவில்லை. “நானும் ஒவ்வொரு லோடுக்கும் பாக்கறேன். மழையப் பத்திப் பேசறீங்க, டீசல் வெலையப் பேசறீங்க, கெளம்பிடறீங்க.”

கொட்டகை வாசலில் சாக்கு தைத்துக்கொண்டிருந்த அவள் அப்பா கோபால்சாமியின் ஊசி அப்படியே நின்றது.

“சந்தைக்கு நேரமாவுது, வாயத் தொறடா!” என்று அக்கா ஹாரனை அழுத்தினாள்.

வெற்றிச்செல்வன் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டான். கோபால்சாமியை ஒருமுறை பார்த்தான். பிறகு அவளை நேராகப் பார்த்து, எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னான்:

“தேவயானி, என்னைக் கட்டிக்கிறியா?”